மண்டபம் படகுப் பட்டறை: ஐந்துக்கு நாலு ஸ்டார், ஒன்று காதுக்காகக் குறைத்தது

இந்த மீன்பிடித் தடைக்காலத்துக்கு என் விசைப்படகை மண்டபத்தில் ஒரு பட்டறையில் ஏற்றினேன். பட்டறைப் பெயரைப் போடவில்லை, மேஸ்திரியே வேண்டாம் என்றுவிட்டார், இருக்கிற படகுக்கே முட்டுக் கொடுக்க இடமில்லையாம். வடக்குத் துறையில் நின்று "பாட்டில் குத்துற மேஸ்திரி" என்று கேட்டுப் பாருங்கள், யாராவது கை காட்டுவார்கள். அது என்ன பாட்டில் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் காசும் நாளும், எல்லாரும் அதைத்தான் கேட்பீர்கள். ஏப்ரல் 15-இல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள். இந்த இடைவெளிக்குள் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் என்று எல்லா ஊர் விசைப்படகுக்கும் ஒரே நேரத்தில் பராமரிப்பு, ஆசாரி கிடைக்க மாட்டார், பைபர் ஆள் கிடைக்க மாட்டார், கிரேன்காரர் போனையே எடுக்க மாட்டார். அந்த நெருக்கடியில் இவர் என்னிடம் வாங்கியது 3,40,000. இரண்டு வருடமாக நான் விட்டுக்கொண்டிருந்த வேறொரு பட்டறையில் இதே வேலைக்கு 2,95,000 சொன்னார்கள். ஜூன் 8-ஆம் தேதி தருகிறேன் என்றவர் 15-ஆம் தேதி சாயங்காலம்தான் தண்ணீரில் இறக்கினார். பில் என்று கேட்டால் நோட்டுத் தாளில் பேனாவால் எழுதிக் கொடுக்கிறார். வேலையில் குறை சொல்ல முடியாது. அடிப்பலகை நாலு மாற்றினார், பைபர் கோட்டிங் எங்கேயும் கொப்புளம் இல்லை, எஞ்சினில் இருந்து விசிறிக்குப் போகிற சாப்டை நேர் பிடித்த பிறகு எஞ்சின் அதிர்வு அடங்கிவிட்டது, முன்பெல்லாம் சுக்கானைப் பிடித்தால் முழங்கை வரைக்கும் ஆடும்.

45,000 ரூபாய் கூடக் கொடுத்து, ஏழு நாள் பிந்தி வாங்கி, அதற்குப் பிறகும் நாலு ஸ்டாரா என்றால், ஆமாம். காரணம் அந்தப் பட்டறையில் வேலை நடக்கிற விதம். இன்னும் சரியாகச் சொன்னால் மேஸ்திரி நடந்துகொள்கிற விதம்.

பழைய பட்டறையை ஏன் விட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே கிரைண்டர் ஓட்டும்போது ஆர்சிசிபி அடிக்கடி விழும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே லைனை அறுத்துவிடும் சின்னப் பெட்டி அது, ஆளைக் காப்பாற்றத்தான் வைப்பது. விழ விழ வேலை நிற்கிறது என்று எலெக்ட்ரீசியனை வைத்து அந்தப் பெட்டியைத் தாண்டி லைனை டைரக்ட் பண்ணிவிட்டார்கள். மறுநாள் ஈர மணலில் நின்ற என் படகு ஆள் ஒருவனுக்கு ஷாக் அடித்து, மூணு அடி தள்ளி விழுந்தான். நல்லவேளை, கையில் காயத்தோடு போயிற்று. அந்த ஓனர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னது, "செருப்பு போட்டு நிக்க வேண்டியதுதான?" அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலமும் பெட்டி டைரக்டில்தான் இருந்தது.

சரி, பாட்டில் விஷயம். புதுப் பட்டறையில் படகை ஏற்றின மறுநாள் போய் நிற்கிறேன், மேஸ்திரி பேசிக்கொண்டே குனிந்து கீழே கிடந்த காலி வாட்டர் பாட்டிலை எடுத்தார், இடுப்பில் இருந்த ஸ்க்ரூ டிரைவரால் அடியில் ஒரு குத்து, பக்கத்தில் ஒரு குத்து, மூலையில் இருந்த டிரம்மில் எறிந்தார். பேச்சு நிற்கவே இல்லை. பத்து நிமிடத்தில் இன்னொன்று. கொஞ்சம் கிறுக்கு போல என்று நினைத்துக்கொண்டேன். பிறகு பையன்களிடம் கேட்டால் காரணம் சொன்னார்கள். பைபர் வேலைக்கு ரெசினைக் கெட்டியாக்க ஊற்றுகிற ஹார்ட்னர் பார்க்கப் பச்சைத் தண்ணீர் மாதிரியே இருக்கும். பெரிய கேனில் இருந்து கொஞ்சம் எடுத்துப் போக எல்லாப் பட்டறையிலும் கைக்குக் கிடைப்பது காலி வாட்டர் பாட்டில்தான். வெயிலில் வேலை பார்க்கிறவன் தாகத்தில் பார்க்காமல் ஒரு மடக்குக் குடித்தால் தொண்டையும் குடலும் வெந்துபோகும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். ஓட்டை போட்ட பாட்டிலில் எவனும் எதையும் ஊற்ற முடியாது அல்லவா, அதுதான் கணக்கு. இதற்கு ஒரு போர்டு எழுதி மாட்டியிருக்கலாம். அவர் மாட்டவில்லை, ஒரு நாளைக்கு இருபது தடவை குனிகிறார். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், முட்டி வலி வேறு. ஒரு வாரத்தில் பார்த்தால் டீ வாங்கி வருகிற பையனில் இருந்து வெல்டர் வரைக்கும் எல்லாருமே குத்துகிறார்கள், கடைசியில் நானும் குத்திக்கொண்டிருந்தேன்.

அதே மாதிரிதான் கோபால்ட். ரெசின் சீக்கிரம் இறுக அதில் முதலில் கோபால்ட் திரவத்தைக் கலக்க வேண்டும், அது நன்றாகக் கலந்த பிறகு ஹார்ட்னர். இரண்டையும் நேருக்கு நேர் சேர்த்தால் புகைந்து தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இது பைபர் வேலை தெரிந்த எல்லாருக்கும் தெரியும், தெரிந்தும் இரண்டு கேனையும் ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். இங்கே கோபால்ட் தெற்கு மூலையில், ஹார்ட்னர் வடக்கு மூலையில், நடுவில் என் படகு முழு நீளத்துக்கு. நடந்து நடந்து கால் வலிக்குது என்று பையன்கள் முனகினால், மேஸ்திரி தானே போய் எடுத்து வருகிறார்.

காலை ஏழரைக்கு டீ. எல்லாரும் படகு நிழலில் குத்த வைத்து உட்காருவார்கள். மேஸ்திரி ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "நேத்து எது பயமுறுத்துச்சு?" முதல் நாள் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது, பேய்க்கதை மாதிரி. ஆனால் பதில் வரும். "ஏணி வழுக்குச்சு மேஸ்திரி." "கிரைண்டர் டிஸ்க்குல விரிசல் இருந்துச்சு, மாத்திட்டேன்." ஒரு நாள் யாரும் வாயைத் திறக்கவில்லை. இவரே சொன்னார், "நேத்து சாயங்காலம் செயின் பிளாக்குல எஞ்சின் தொங்கிக்கிட்டு இருக்கும்போது அதுக்கு அடியில குனிஞ்சு நான் கடந்தேன். எத்தனை பேர் பாத்தீங்க?" மூணு பேர் கை தூக்கினார்கள். "ஏன்டா சொல்லல?" மௌனம். "நாளைக்குச் சொல்லுங்க." அவ்வளவுதான், டீ கிளாஸைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். சொன்னவனுக்குத் திட்டு கிடையாது, கூலிப் பிடித்தம் கிடையாது, பக்கத்தில் நின்ற எலெக்ட்ரீசியன் பிறகு எனக்கு அதைத் தனியாக வேறு சொன்னார்.

நான் இதை எல்லாம் வேடிக்கையாகப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. படகு வாங்குவதற்கு முன்னால் ஆறு வருடம் வளைகுடாவில் ஒரு கப்பல் கட்டும் யார்டில் இருந்தேன். நம்ம மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருத்தர் அங்கே போய் வந்தவர்தானே. அங்கே பாதுகாப்புக்குக் குறைவே இல்லை: ஹெல்மெட், கண்ணாடி, பெர்மிட், காலையில் டூல் பாக்ஸ் டாக் என்று ஒரு பாதுகாப்புப் பேச்சு, அதற்கு ஒரு கையெழுத்துத் தாள், தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் ஒரு நாளும் படித்ததில்லை. வாசலில் பெரிய பலகை, 'விபத்தில்லா நாட்கள்' என்று எண் ஏறிக்கொண்டே போகும். அது முந்நூற்றுச் சொச்சத்தில் இருந்தபோது என் ஆள்காட்டி விரலில் கிரைண்டர் இறங்கிவிட்டது, ஐந்து தையல். சூப்பர்வைசர் என்னை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வண்டியில் வைத்தே கெஞ்சினான், அறையில் வெங்காயம் நறுக்கும்போது பட்டது என்று சொல்லச் சொல்லி. எண் பூஜ்ஜியமானால் அவனுக்கு மேலே இருப்பவன் அவனைத் தின்றுவிடுவான், அந்தப் பயம் அவனுக்கு. நானும் வெங்காயம் என்றே சொன்னேன். பலகையில் எண் ஏறியது. அதே டிஸ்க், டிஸ்க்குக்கு மறைப்பு மூடி இல்லாத அதே கிரைண்டர் மறுநாள் வேறொருவன் கையில். நம்ம ஊரிலும் மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம் என்று சில கம்பெனிகளில் பேட்ஜ் குத்தி, உறுதிமொழி எடுத்து, போட்டோ பிடிக்கிறார்கள், மார்ச் 5-ஆம் தேதி என்ன நடக்கிறது என்று உள்ளே இருப்பவர்களைக் கேளுங்கள்.

அந்த யார்டில் ஒரு மலையாளி சேப்டி ஆபீசர் இருந்தார், நல்ல மனிதர், யாரும் அவர் பேச்சைக் கேட்க மாட்டார்கள். அவர் அடிக்கடி சொல்வது பால் ஓ'நீல் கதை. 1987-இல் அமெரிக்காவின் அல்கோவா அலுமினியக் கம்பெனிக்குத் தலைவராக வந்தவர், முதலீட்டாளர்களுக்கு முன்னால் முதல் பேச்சிலேயே லாபத்தை விட்டுவிட்டுத் தொழிலாளி காயம் பற்றிப் பேசினாராம், கேட்டவர்கள் ஆளுக்குக் கிறுக்கு பிடித்துவிட்டது என்று நினைத்தார்களாம். அவர் போகும்போது வேலை நாள் இழப்புக் காயம் நூறு பேருக்கு 1.86 என்பதில் இருந்து 0.2-க்கு இறங்கியிருந்தது. தொழிலாளிகளுக்குத் தன் வீட்டுப் போன் நம்பரையே கொடுத்து, மேலதிகாரி கேட்காவிட்டால் எனக்கே கூப்பிடு என்றாராம். அப்போது எனக்கு இது பெரிய கம்பெனிக் கதை. மேஸ்திரி பாட்டில் குத்துவதைப் பார்த்தபோதுதான் ஞாபகம் வந்தது. கிறுக்கு என்று நானும்தானே நினைத்தேன்.

இனி நான் கெட்ட பெயர் வாங்கிய நாள். ஜூன் 13, மத்தியானம். மறுநாள் காலை கிரேன் சொல்லியாயிற்று. 14 நள்ளிரவோடு தடை முடிகிறது, முதல் தொழிலுக்கு எல்லாப் படகும் கடலுக்குப் போகும், இரண்டு மாதம் ஓய்ந்த கடலில் முதல் வலையில் இறால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐஸ், டீசல், ஆட்கள், அட்வான்ஸ், எல்லாம் தயார். முந்தின ராத்திரி ஐஸ் போடுகிற அறைக்குள் ஒரு கசிவு கண்டுபிடித்து உள்ளே புதுசாக பைபர் போட்டிருந்தார்கள். அதற்குள் லைட் மாட்ட எலெக்ட்ரீசியன் டிரில்லிங் மெஷினோடு வந்து நிற்கிறார், அரை மணி நேர வேலை. வாயிலில் நின்ற பையன், தேவிபட்டினத்துக்காரன், இருபது வயது இருக்கலாம், வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம், "இப்ப இறங்கக் கூடாதுண்ணே" என்றான்.

ஏன் என்றேன். ரெசின் வாடை உள்ளேயே நிற்கிறது என்றான். காய்கிற ரெசினில் இருந்து வருகிற ஆவி காற்றை விடக் கனம், மேலே வராது, குழிக்குள் அடியில் தேங்கும். தீப்பற்றக்கூடியது, டிரில்லிங் மெஷினில் ஒரு பொறி போதும். அது எனக்கும் தெரியும், யார்டில் இருந்தவன் நான். ஆனால் அன்றைக்கு எனக்குத் தெரிந்தது நாளைக் காலை கிரேன் மட்டும்தான். "டேய், படகு என்னோடது, நான் சொல்றேன், இறங்கட்டும்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. பையன் முகம் வெளுத்துவிட்டது, ஆனால் வாயிலை விட்டு நகரவில்லை.

சத்தம் கேட்டு மேஸ்திரி வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. பையனிடம், "உனக்கு என்ன தோணுது?" என்றார். "கண்ணு எரியுது மேஸ்திரி, நாளைக்குப் பாக்கலாம்." இவர் குனிந்து அறைக்குள் தலையை விட்டுச் சோதிக்கவில்லை, என்னிடம் சமாதானம் பேசவில்லை, "சரி, நாளைக்கு" என்று சொல்லிவிட்டு எலெக்ட்ரீசியனை அனுப்பிவிட்டார். புளோயரை எடுத்து வந்து அறை வாயில் வைத்து ஓடவிட்டார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பி, "கிரேன் ரத்துக்கு உள்ள காசு என் கணக்குல கழிச்சுக்க தம்பி" என்றார். நான் பேசாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டேன், உண்மையில் திட்டிக்கொண்டேதான் போனேன்.

கிரேன் மறுபடி கிடைத்தது 15 சாயங்காலம். முதல் தொழில் போயிற்று. பக்கத்துப் படகுக்காரர் இறாலை எடைபோட்டதை நான் கரையில் நின்று பார்த்தேன், அந்த வயிற்றெரிச்சல் இன்னும் இருக்கிறது. இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், அன்று ஒன்றும் வெடிக்கவில்லை. இறங்கியிருந்தாலும் வெடிக்காமல் இருந்திருக்கலாம். அந்தப் பையன் சொன்னது சரியா என்று நிரூபிக்க ஒரு வழியும் கிடையாது, மேஸ்திரிக்கும் கிடையாது. நடக்காத ஒன்றுக்காக அவர் கிரேன் காசைக் கட்டினார், நான் ஒரு நாள் தொழிலை விட்டேன். போர்டு எழுதுவது, ஹெல்மெட் வாங்குவது எல்லாம் காசு இருந்தால் யாரும் செய்துவிடலாம். பணம் கொடுக்கிற பார்ட்டிக்கு எதிராக, நாலு மாதப் பையன் பக்கம், எல்லார் கண் முன்னாலும் நிற்பதற்கு எத்தனை பேர் இருக்கிறார்கள்?

யார்டில் சேர்ந்த புதிதில் பைப்பர் ஆல்பா வீடியோ போட்டுக் காட்டினார்கள், எண்ணெய், கப்பல் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். 1988 ஜூலை 6, வடகடலில் எண்ணெய் மேடை. ஒரு பம்பின் சேப்டி வால்வைப் பழுதுக்காகக் கழற்றியிருக்கிறார்கள், அந்தச் செய்தி ராத்திரி ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை, அவர்கள் பம்பை ஓட்டிவிட்டார்கள். 167 பேர் செத்தார்கள். எனக்கு அதில் மறக்காதது வேறு ஒன்று: பைப்பர் ஆல்பா எரிவது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனாலும் குழாயில் இணைந்திருந்த பக்கத்து மேடைகள் உடனே எண்ணெயை நிறுத்தவில்லை. கரையில் இருக்கிற பெரியவர்களைக் கேட்காமல் உற்பத்தியை நிறுத்துகிற தைரியம் அங்கே இருந்தவர்களுக்கு வரவில்லை. அன்றைக்கு ஏசி அறையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வெள்ளைக்காரனுக்கு அறிவில்லை என்று நாங்கள் பேசிக்கொண்டோம். மண்டபத்தில் பைக்கில் போகும்போது எனக்கு உறைத்தது, அந்தக் கரைப் பெரியவர் இடத்தில் நின்று கத்தியவன் நான்தான்.

படகு வந்த பிறகு என் பக்கம் ஒன்று நடந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது, முடிந்தது கதை, முதலாளி யோசிக்கவே வேண்டாம். வில்லங்கம் எல்லாம் கூண்டு ஏறாத நாளில்தான். கச்சான் காற்று தூக்கிக்கொண்டிருக்கும், டோக்கன் உண்டு, டிரைவர் அண்ணன் கரையில் நின்று கடலைப் பார்ப்பார், பிறகு என் முகத்தைப் பார்ப்பார். இத்தனை வருடமும் நான் சொன்னது, "என்னண்ணே, எல்லாரும் கிளம்பிட்டாங்க." ஜூலையில் ஒரு நாள் அதே நிலைமை. "உங்களுக்கு என்ன தோணுதுண்ணே?" என்று கேட்டேன். கோபத்தில் கேட்கிறேன் என்று நினைத்து அவசரமாக, "போயிரலாம் முதலாளி, போயிரலாம்" என்றார். மூன்றாவது தடவை கேட்ட பிறகுதான், "பின்னேரம் பெருசாகும் போலத் தெரியுது" என்று வாயில் இருந்து வந்தது. அன்று போகவில்லை. போன படகுகள் நல்லபடியாகத் திரும்பி வந்தன, மீன்பாடும் பரவாயில்லை. ஆட்கள் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை, பங்கு போச்சே என்று. மேஸ்திரி எப்படித் தாங்குகிறார் என்று தெரிகிறது. லைப் ஜாக்கெட்டும் அப்படித்தான், கவர் பிரிக்காமல் தடைக்காலத்தில் அதிகாரிகள் ஆய்வுக்கு வருகிற அன்று மட்டும் எடுத்துக் காட்டுவோம். இப்போது நான் கூடப் போகிற நாளில் போட்டுக்கொள்கிறேன், புழுக்கமாகத்தான் இருக்கிறது. எட்டுப் பேரில் மூணு பேர் போடுகிறார்கள், அதுவும் நான் இருக்கிற நாளில். நான் இல்லாத நாளில் என்ன என்று கேட்காதீர்கள்.

குறைகள். கழிப்பறை இல்லை, எல்லாருக்கும் சீமைக்கருவேலங்காடுதான், பாம்பு இல்லாத காடா அது? இவ்வளவு யோசிக்கிறவர் இதை ஏன் விட்டார் என்று தெரியவில்லை. பார்ட்டி வந்தால் உட்கார நாற்காலி கிடையாது. போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறார், மரியாதைக் குறைவு என்று முதலில் நினைத்தேன், அது காது விஷயம்.

ஒரு ஸ்டாரைக் குறைத்ததும் அதற்குத்தான். கிரைண்டர் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும், நாள் முழுக்க, இரும்பு மேல் ஓடும்போது பல்லுக்குள் கேட்கும். தூணில் காதடைப்பான் பெட்டி ஒன்று தொங்குகிறது, மஞ்சள் பஞ்சு, கவர் கூடப் பிரிக்கவில்லை, மேலே தூசி. மேஸ்திரி போடுவதில்லை, நாற்பது வருடச் சத்தத்தில் அவருக்குக் காது பாதி போய்விட்டது, இனிமேல் போட்டு என்ன என்ற நினைப்பு. அவர் போடாததால் ஒரு பயலும் போடுவதில்லை. கண்ணாடி போடுகிறான், மாஸ்க் போடுகிறான், பாட்டில் குத்துகிறான், காதுக்கு மட்டும் ஒன்றும் இல்லை, ஏனென்றால் அவரிடம் பார்த்ததைத்தான் செய்கிறார்கள்.

போன வாரம் அடுத்த வருடத்துக்கு இடம் சொல்லி வைக்கப் போனேன். அட்வான்ஸ் பத்தாயிரம் கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கி இதைச் சொன்னேன். "என்ன?" என்றார். மறுபடி சொன்னேன். "என்ன சொன்ன?" பின்னால் தேவிபட்டினத்துப் பையன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். கத்திச் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியைப் பார்த்தார். "இத எங்கிட்ட தனியா சொல்லாத. காலையில ஏழரைக்கு வா, எல்லார் முன்னாடியும் சொல்லு."

போனேன், சொன்னேன். டீயைக் கீழே வைத்துவிட்டு, பெட்டியைப் பிரித்து முதல் ஜோடியை அவரே எடுத்து மாட்டினார். இடது காதில் தலைகீழாக வைத்திருந்தார், அந்தப் பையன்தான் எழுந்து போய்ச் சரி பண்ணினான்.